ரோதை முனிக்குத் தலை சுற்றியது

யார் எதைச் சொன்னாலும் "சரிதான்" என்று சொல்கிற ஒரு மனிதனுக்கு அடுத்த வீட்டில் வாழ்ந்து பாருங்கள். எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அப்போது தெரியும்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அவனுடைய காம்பராவுக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரே சுவர். தெல்தெனியவுக்கு மேலே, மலைச் சரிவில் இருந்த கோப்பித் தோட்டம் அது. இப்போது அங்கே கோப்பி இல்லை, தேயிலை போட்டிருக்கிறார்களாம். கண்டியிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம்தான். நான் போய்ப் பார்க்கவில்லை. போகவும் மாட்டேன்.

ஒரு முறை லயத்தில் இரண்டு பேர் ஒரு சேவலுக்காகச் சண்டை போட்டார்கள். ஒருத்தன் வந்து இவனிடம் நியாயம் கேட்டான். "ஒன்னோடதுதான், சரிதான்" என்று அனுப்பினான். மற்றவன் வந்தான். அவனுக்கும் அதே பதில். பிறகு இருவரும் சேர்ந்து வந்து, "ரெண்டு பேருக்கும் எப்படிடா சொந்தமாகும்?" என்று கேட்டார்கள். "அதுவும் சரிதான்" என்றான். என் பெண்சாதி அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் நிற்கத் தெரியாதவனோடு என்ன சிரிப்பு.

ஆள் குள்ளம், கழுத்து மட்டும் மாட்டுக் கழுத்து. மூட்டையைத் தலையில் ஏற்றினால் அந்தக் கழுத்து அசையாது. பழுத்த கோப்பிப் பழத்தை வாயில் போட்டுத் தோலின் இனிப்பை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்வான். கொட்டையைத் துப்ப மாட்டான், எடுத்துக் குவியலில் போடுவான். தோட்டத்துச் சொத்து என்பான். அவன் பெண்சாதி செத்துப்போயிருந்தாள், பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சோறு குழைந்திருந்தாலும் நல்லா இருக்கு, வேகாவிட்டாலும் நல்லா இருக்கு.

கோப்பி காயப்போடும் களத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தோலை நீக்கிக் கழுவிய கோப்பி மழையில் நனைந்தால் கெட்டுப்போகும். அதனால் மழை வரும்போது ஊரெல்லாம் கூரைக்குள் ஓடும், களத்து ஆட்கள் மட்டும் வெட்டவெளிக்கு ஓட வேண்டும். மின்னலுக்கு அடியில் நின்று கோப்பியைக் குவித்து, படங்கு விரித்து மூடி, கயிறு கட்ட வேண்டும். எவன் யோசித்து வைத்த முறையோ.

அன்று அப்படித்தான் மேல்மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மெஷினும் அதைச் சுற்றுகிற தண்ணீர்ச் சக்கரமான ரோதையும் என் பொறுப்பு. ரோதையை நிறுத்திவிட்டு நானும் களத்துக்கு ஓடினேன். அவன் கோப்பி சேர்த்து வைக்கிற ஸ்டோரின் தகரச் சுவரில் இருந்த இரும்பு வளையத்தில் படங்குக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஸ்டோர் கூரையில் இடி விழுந்தது. எனக்குக் கண் முழுக்க வெள்ளையாகிப் பல் கிட்டிப்போயிற்று. பார்வை திரும்பியபோது அவன் களத்துக்கு நடுவில் மல்லாந்து கிடந்தான்.

செத்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவன் எழுந்து உட்கார்ந்தான். தோளிலிருந்து முதுகு வரை, மரக்கிளை விரிந்தது போலச் சிவப்பாக ஒரு கோலம்.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"ஒன்னுமில்ல மச்சான். கயிறு அவுந்துருச்சா?"

போய்க் கயிற்றைக் கட்டினான். பெரிய கங்காணி குடையோடு வந்து, கோப்பி நனையவில்லை என்று பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். முதுகுக் கோலம் மறுநாளே மறைந்துவிட்டது. அது கொஞ்ச நாள் இருந்து தொலைந்திருக்கக் கூடாதா? காட்டுவதற்காவது ஒன்று இருந்திருக்கும்.

அதன் பிறகு பல வாரம் ஒன்றுமில்லை. அதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். உடனே படுத்திருந்தால் இடியால்தான் என்று கழுதைக்குக்கூடப் புரிந்திருக்கும். இது மெதுவாக வந்தது. லயத்துச் சுவரைத் தடவிக்கொண்டே நடக்க ஆரம்பித்தான். சுண்ணாம்புச் சுவரில் அவன் தோள் உயரத்துக்கு, எங்கள் வாசலிலிருந்து தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வரைக்கும், உள்ளங்கை அழுக்கு ஒரு கோடாகவே படிந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்க்கக் குனிய மாட்டான். வெயிலில் கண்ணைச் சுருக்குவான். இரவில் தூங்குவதில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் புரள்வது எனக்குக் கேட்கும். ஒரு நாள் என் பெண்சாதியைப் பார்த்து வாயைத் திறந்தான், பேர் வரவில்லை. தினமும் சோறு போடுகிறவளின் பேர்.

முன்பெல்லாம் "சரிதான்" சொல்லும்போது தலையை ஆட்டுவான். தலையை ஆட்டினால் சுற்றுகிறது என்று இப்போது கையை ஆட்டினான். அப்போதும் "இல்லை" என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா.

எனக்குப் பயம் வந்தது பாலத்தை நினைத்து. ஸ்டோருக்கும் வண்டிப்பாதைக்கும் இடையில் ஓர் ஓடை. அதன் மேல் ஒரு மரத்தைப் போட்டு, மேல்பக்கத்தை மட்டும் செதுக்கி, அதற்குப் பாலம் என்று பேர் வைத்திருந்தார்கள். பிடிக்க எதுவும் கிடையாது. கீழே முழுக்கப் பாறை. கோப்பி மூட்டைகளைத் தலையில் வைத்து அதன் மேல் நடந்துதான் அந்தப் பக்கம் நிற்கிற வண்டிகளில் ஏற்ற வேண்டும். ஒரு நாள் அவன் மூட்டையோடு பாலத்தின் நடுவில் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள். அவன் கால் நடுங்குவது கரையில் நின்ற எனக்குத் தெரிந்தது. எப்படியோ போய்ச் சேர்ந்தான், மூட்டையை இறக்கினான், அப்படியே வாந்தி எடுத்தான்.

"குடிச்சிட்டு வந்திருக்கான்" என்றார் கங்காணி.

"குடிக்கல. இடி விழுந்ததுலேர்ந்து இவனுக்கு இப்படித்தான் இருக்கு" என்றேன்.

"இடி விழுந்து எத்தன நாளாச்சு? இப்பத்தான் வந்து சேருதா? மாட்டு வண்டியில வருதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மடவளையிலிருந்து பொதிமாடு ஓட்டிக்கொண்டு ஒரு முஸ்லிம் நானா உப்பும் கருவாடும் விற்க வருவார். அவன் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதை அவர் ஒரு நாள் நின்று பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கட ஊர்லயும் ஒராளுக்கு இடி பட்ட" என்றார். "பட்ட அண்டைக்கு ஒண்டுமில்ல. பொறகுதான் தொடங்கின. தல சுத்தும், காதுக்குள்ள கூவும், நித்திர இல்ல. மனுசன்ட பேரும் மறந்து போகும். அவர மரத்துல ஏற உடமாட்டாங்க. இவரையும் ஒசரத்துல ஏத்தாதீங்க."

"சொகமாச்சா நானா?"

"கொஞ்சம் சொகம். முழுசா இல்ல."

எனக்கு மூச்சு வந்தது. நான் சொல்வது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று சொல்ல ஒரு மனிதராவது கிடைத்தார். கங்காணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "கருவாடு வாங்கப் போனியா, வைத்தியம் பாக்கப் போனியா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

சரி, தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையிடமே போவோம் என்று முடிவு செய்தேன். கண்டியிலிருந்து ஒரு டாக்டர் பங்களாவுக்கு வந்திருந்தார். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கேட்க வேண்டியது ஒன்றுதான். பாலத்தில் ஏற்றாமல், ஸ்டோருக்குள் உட்கார்ந்து கோப்பி பொறுக்குகிற பெண்களோடு இவனையும் விட வேண்டும். அதற்கு இவன் தன் வாயால் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்ல வேண்டும்.

"தொரை கேட்டா என்ன சொல்லுவ?"

"சரிங்கன்னு சொல்லுவேன்."

"அறஞ்சிருவேன். நான் சொல்றத அப்படியே சொல்லு. எனக்கு முடியல. தல சுத்துது. காதுக்குள்ள இரையுது. இடி விழுந்ததுலேர்ந்து இப்படித்தான்."

"எனக்கு முடியல. தல சுத்துது. காதுக்குள்ள இரையுது. இடி விழுந்ததுலேர்ந்து இப்படித்தான்."

வழி நெடுகச் சொல்ல வைத்தேன். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போல. ஒரு எழுத்துத் தப்பவில்லை.

தொரை வராந்தாக் கதிரையில் இருந்தார். டாக்டர் அவன் நாக்கையும் கண்ணையும் பார்த்து, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தொரை அவருக்குத் தெரிந்த தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

"இடி பட்டா அன்னிக்கே சாவு. இல்லே, ஒன்னும் இல்லே. இத்தனை நாள் பின்னே வராது. நீ சாராயம் குடி. இல்லையா?"

நான் அவன் விலாவில் இடித்தேன். அவன் கையை ஆட்டினான்.

"சரிங்க தொரை."

திரும்பி வரும்போது லயம் தெரிகிற வளைவில் அவனை இழுத்து நிறுத்தினேன். "ஏன்டா சொல்லல?"

"என்னைய எங்க மச்சான் கேட்டாரு? அவரே சொல்லிட்டாரு."

"இல்லைன்னு சொல்ல வாய் இல்லையா ஒனக்கு?"

"அதுவும் சரிதான்" என்றான்.

இனி இவனாச்சு, பாலமாச்சு என்று விட்டுவிட நினைத்தேன். ஆனால் மறுநாள் அவன் மூட்டையைத் தலையில் ஏற்றியபோது ரோதையை அப்படியே சுற்றவிட்டுவிட்டு ஓடி, பாலத்தில் அவனுக்கு முன்னால் நடந்தேன். விழுந்தால் நான் எப்படிப் பிடித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

அடுத்தது முனி கதை. பல்பர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலாமரம், அதன் அடியில் ஒரு கல். ரோதைக்குக் காவல் இருக்கிற ரோதை முனி அது. நான் சாமியைக் குறைத்துப் பேசவில்லை, ஆனால் அந்தக் கல்லை ஓடையிலிருந்து தூக்கி வந்து நட்டவன் நான். கங்காணி சொன்னார், நட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே சூடம் கொளுத்தித் தப்பு அடிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தப்புச் சத்தமும் புகையும் சேர்ந்து அவனுக்குத் தலை சுற்றிவிட்டது. பலாமரத்தைப் பிடித்தான். பிடி நழுவிக் கை கால் உதறிக்கொண்டு கல்லுக்கு முன்னாலேயே விழுந்தான்.

"முனி எறங்கிருச்சு" என்று முதலில் கத்தியது வேறு யாரும் இல்லை, என் பெண்சாதி.

நாலு பேர் ஓடி வந்து அவனைத் தாங்கினார்கள். ஸ்டோரில் இடி விழுந்தது, இவனைத் தொட்டது, கொல்லவில்லை, முதுகில் கோலம் போட்டது. எல்லாம் ஒரே நிமிஷத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கங்காணி தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"வந்திருக்கிறது யாரு சாமி? ரோதை முனிதானே?"

அவன் கண் சொருகிக் கிடந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"சரிதான்."

நீ தொரையின் குதிரைதானே என்று கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். அது அங்கே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். சொல்லப் போனேன், என் பெண்சாதி என் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் காலையில் கங்காணி சொன்னார், "சாமி ஏறுன ஒடம்ப மூட்ட தூக்க விடாதீங்க. பாலத்துப் பக்கமே போக வேணாம். ஸ்டோருக்குள்ள ஒக்காந்து பொறுக்கட்டும்." நான் மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கேட்டது. நோயாளிக்குக் கிடைக்கவில்லை, முனிக்கு உடனே கிடைத்தது. சுவரில் இருந்த அந்த அழுக்குக் கோட்டின் மேல் பெண்கள் வரிசையாகக் குங்குமம் வைத்தார்கள். என் வாசல் வரைக்கும் வைத்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தப்பு, புகை, கூச்சல். அது முடிந்ததும் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டான். ஈரத் துணியைக் கண்ணில் போட்டுப் படுத்துக் கிடப்பான். ஒரு நாள் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஒனக்கு வர்றது சாமியா, சீக்கா? உண்மையச் சொல்லு."

"ஒனக்குத் தெரியாதா மச்சான்."

"அப்ப எதுக்கு இந்தக் கூத்து? அந்தத் தப்புச் சத்தம் ஒன்னையக் கொன்னுரும்டா."

துணியை எடுக்காமலே பேசினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. "போன மாசம் பாதையில விழுந்து கெடந்தேன். எல்லாம் சுத்திக்கிட்டுப் போனாங்க. குடிகாரன்னு ஒருத்தன் கால்ல தள்ளிப் பாத்தான். இப்ப விழுந்தா நாலு பேரு பிடிக்கிறாங்க. தரையில தல படுறதுக்கு முன்னாடி பிடிக்கிறாங்க மச்சான். வாரத்துல ஒரு நாள் சத்தம். மத்த நாளெல்லாம் பிடிக்க ஆளிருக்கு."

நான் எழுந்து வெளியே வந்து குங்குமக் கோட்டை ஒரு உதை உதைத்தேன். கால்தான் வலித்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த வருஷங்களில் கோப்பிச் செடியில் நோய் வந்திருந்தது. இலையைத் திருப்பித் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். இலை கொட்டும், காய் சுருங்கும். பக்கத்துத் தோட்டங்களில் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்கள். நானும் கண்டிக்குப் போய்விடலாம் என்றேன். என் பெண்சாதி, முனியைக் கேட்காமல் காலை எடுத்து வைக்க மாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை அவள்தான் கேட்டாள்.

"சாமி, கோப்பி தேறுமா? நாங்க இங்கயே இருக்கலாமா?"

"தேறும். இருங்க" என்றான்.

அன்றைக்கு நான் அவனை நிஜமாகவே அடிக்கப் போனேன். "ஒனக்கென்னடா தெரியும் கோப்பியப் பத்தி?"

"ஒன்னும் தெரியாது. அழுதுகிட்டே கேக்குது மச்சான் அந்தப் புள்ள. தேறாதுன்னு எப்படிச் சொல்றது?"

லயம் முழுக்க அவன் பேச்சைக் கேட்டுப் போகாமல் இருந்தது. வெளியே வேலை கிடைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் இருந்தது. கங்காணிக்கும் அது வசதி, ஆட்கள் ஓடவில்லை. கடைசியில் தொரை ஒரு நாள் குதிரையில் ஏறிப் போனவர் திரும்பவில்லை. கங்காணி அவருக்கும் முன்னாலேயே போயிருந்தார். ஸ்டோர் தகரத்தைக் கழற்ற ஆட்கள் வந்தபோதுதான் முனி சொன்னது பொய் என்று எல்லோருக்கும் விளங்கியது.

அந்தக் கோட்டின் மேல் சாணியை அப்பினார்கள். குங்குமம் வைத்த அதே கைகள். புறப்படுகிற அன்று ஆட்கள் கூடி நின்ற இடத்தில் அவன் தலை சுற்றி விழுந்தான். ஒரு கை நீளவில்லை. சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அவனைச் சுற்றி நடந்து போனார்கள். என் பெண்சாதி மட்டும் நின்றாள். பிறகு அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் பல்பர் வீட்டிலிருந்து வந்து பார்த்தபோது அவன் நெற்றி கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"எல்லாம் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"கோவமா இருக்காங்களா?"

"பின்ன, மாலையா போடுவாங்க?"

"சரிதான்" என்றான்.

நாங்கள் இருவரும் கடைசியாகப் பாலத்துக்கு வந்தோம். மழை பெய்து ஓடை நிறையப் போய்க்கொண்டிருந்தது. மரத்தின் மேல் பாசி. முன்னால் போனவர்கள் அந்தப் பக்க வளைவில் மறைந்துவிட்டார்கள். நான் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மரத்தில் காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவன் அசையவில்லை.

"வா மச்சான்."

வரவில்லை. கையையும் ஆட்டவில்லை. மரத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எனக்கு முடியல" என்றான். "தல சுத்துது. காதுக்குள்ள இரையுது. இடி விழுந்ததுலேர்ந்து இப்படித்தான்."

நான் சுற்றிலும் பார்த்தேன். தொரை இல்லை, டாக்டர் இல்லை, கங்காணி இல்லை. தகரம் கழற்றிய ஸ்டோரின் எலும்பும், அந்தப் பலாமரமும், நான் நட்ட கல்லும் இருந்தன. எந்த நாளில் யார் காதில் விழ வேண்டிய பேச்சு அது. வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

பிறகு என் மூட்டையை அவிழ்த்து ஓடையில் விட்டேன். அவனை மரத்தின் மேல் குதிரையில் உட்காருவது போல இரு பக்கமும் கால் போட்டு உட்கார வைத்தேன். அவனுக்குப் பின்னால் நானும் அப்படியே உட்கார்ந்து, இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொள், கையை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நகரு என்றேன். நகர்ந்தான். நடுவில் வந்ததும் நின்றுவிட்டான். அவன் உடம்பு நடுங்குவது என் நெஞ்சில் தெரிந்தது. கீழே தண்ணீர் இரைந்தது.

"மச்சான்."

"என்னடா?"

"சரியாச் சொன்னேனா?"

"சரியாச் சொன்ன" என்றேன். "நகரு."